கற்பிப்போரின் கல்வி

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும்பொழுது, பயிற்சிக் கல்லூரியினின்றும் அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களும் யுவதிகளும், நியமன உத்தரவைக் கையிலேந்தி, முன்பின் கண்டறியாத ஊர்களில் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பள்ளிக்கு வழி கேட்டுச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இத்தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்று அவர்களை வினவினால், குடும்பத்துக்கு நிலையான வருவாய் வேண்டியிருந்தது என்பதே பலரும் மனமறியச் சொல்லக்கூடிய விடை. ஆசிரியத் தொழில் ஒரு தவமென்றும், சம்பளத்தை எண்ணி அதில் புகுவது அதற்கு இழுக்கென்றும் கருதி முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. ஜீவனத்தின் பொருட்டு ஒரு தொழிலை நாடுவதில் இழிவேதுமில்லை. வீட்டுக் கவலையைச் சுமந்துகொண்டு வகுப்பில் நிற்பவரிடம் வற்றாத பொறுமையை எதிர்பார்ப்பதுதான் நியாயமன்று. உள்ளே வந்தபின் அவரை அங்கே நிறுத்தி வைப்பது எது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்ததும் தாமே நாடிச்சென்று அன்று. 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்பதவியினின்றும் ஓய்வு பெற விரும்பிய தியாகராச செட்டியார், தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவரும், அப்போது திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் இருந்தவருமான அந்த இளைஞரைத் தம் இடத்திற்கு வற்புறுத்தி அழைத்துவந்தார். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பிள்ளையவர்களுடனிருந்து அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாகக் கற்றுத் தேர்ந்தவர் என்னும் மதிப்பு அவருக்கு இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீங்கள் எவ்வெந் நூல்களைக் கற்றிருக்கிறீர்கள் என்று கேட்க, ஐயர் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரோ அவற்றில் எதனாலும் திருப்தியுறாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லையென்றே சொல்ல வேண்டியிருந்தது.

கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு, வயது இருபத்தைந்தில் அமைந்த இந்தத் தருணத்தை நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. உத்தியோகம் கைக்கு வந்துவிட்டது. மாணாக்கர்களின் நன்மதிப்பும் கிடைத்துவிட்டது. இனிப் புதிதாக ஒன்றைக் கல்லாவிடினும் அவருடைய சம்பளம் குறையப் போவதில்லை. அவரோ அந்நூலை வாங்கிச்சென்று படிக்கத் தொடங்கினார். தாம் கற்ற இலக்கியம் எதனைப் போலவும் அது இல்லாதது கண்டு திகைத்தார். நச்சினார்க்கினியர் உரையோடு மல்லாடினார். அதில் வரும் சமயச் செய்திகளை அறியும் பொருட்டு, பிறப்பாலும் வழிபாட்டாலும் சைவ மரபினராகிய அவர், கும்பகோணத்து ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று மாணாக்கராய் அமர்ந்து கேட்டார். பகலில் கல்லூரியில் ஆசிரியர், மற்றைப் பொழுதில் மாணாக்கர் என்றிவ்வாறு ஆண்டுகள் கழிந்தபின், 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அவருடைய பதிப்புத் தொண்டைப் புகழ்வோர் பலர். அதே ஆண்டுகளில் அவருடைய வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் அடைந்த பாக்கியத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நேற்று இரவு தாம் பொருள் தெரியாமல் தவித்த ஒருவர்தாம் இன்று காலை தங்கள்முன் நின்று பாடஞ் சொல்லுகிறார் என்பதைக் காட்டிலும் ஒரு மாணாக்கனுக்கு வேறென்ன வேண்டும்?

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறினார்; ஆசிரியராகத் தகாதவர்க்கு, கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்பவற்றைக் கூறினார். பின்னைய நான்கனுள் இரண்டு பாத்திரங்களாய் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். எப்போதோ இட்டு நிரப்பிய காய், இட்ட முறையிலன்றித் தாறுமாறாக வந்து விழுகிறது. எப்போதோ திணித்த பஞ்சு, பிய்த்துப் பிய்த்து எடுத்தாலன்றி வெளிவருவதில்லை. கல்வியைச் சேமித்து மூடிவைத்த பொருளாகக் கருதுபவரின் நிலை அது. நிலமோ ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி உழப்படுவது. உழுபவனது முயற்சியின் அளவுக்கு விளைவது. (இந்த இலக்கணத்தில் குலத்தை முதலில் வைத்தது அக்காலத்து வழக்கு. அதனை நாம் ஏற்க வேண்டுவதில்லை; சைவச் சான்றோராகிய பிள்ளையவர்களே, கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையைத் தம் அணுக்க மாணாக்கராகக் கொண்டு பாடஞ் சொன்னவர்.)

பாடக்குறிப்பும் பதிவேடும் விடைத்தாளும் நம் பொழுதையெல்லாம் விழுங்குகையில் படிப்பதற்கு அவகாசம் எங்கே என்னும் கேள்வி உண்மையானது. அதற்கு அதிகாரிகள்தாம் பதில் சொல்ல வேண்டும்; ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் நூலகத்திற்கென்று ஒதுக்குவது அவர்களது கடமை என்பதை இப்பத்திரிகை வற்புறுத்திக்கொண்டே இருக்கும்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எம் சொந்த அனுபவம் ஒன்றும் காரணம். தொழிலில் புகுந்த முதலாண்டில், பகலில் சூரியனும் இரவில் சந்திரனும் தோன்றும் என்னும் பாடத்தை மூன்றாம் வகுப்பிற்கு நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து, இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் நிலாவைக் கண்டேனே என்றான். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள் அது. வகுப்பை விட்டு நாலடி வெளியே வந்திருந்தால், மேற்கு வானில் பாதி நிலா வெளிறி நிற்பதை எல்லோருமே பார்த்திருக்கலாம். அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் நாணினேன். பொய் சொல்லாதே, உட்கார் என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.