அக்வேரியம் கடலைக் காப்பாத்துமா? கொல்லிமலையிலிருந்து ஒரு கேள்வி

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலில் மீனுக்குத் தனி மரியாதை. கோயிலை ஒட்டி ஓடுற ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுறது பக்தர்களோட வழக்கம். சாமிக்கே ‘அறுத்த மீனைப் பொருத்தி உகந்த பிரான்’னு ஒரு பேர் உண்டு. குழம்புக்குத் துண்டு போட்ட மீன்கள் மறுபடி ஒட்டிக்கிட்டு ஆற்றுக்குள்ள துள்ளிப் போச்சுங்கிறது தலபுராணம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அந்தக் கதை ஒரு வேலையைச் செய்யுது. அந்த ஆற்று மீனைப் பார்த்தா யாருக்கும் குழம்பு ஞாபகம் வராது. கர்நாடகாவின் சிருங்கேரியில், துங்கா நதிப் படித்துறையில் கூட்டம் கூட்டமா சுத்துற மஷீர் மீன்கள் பிழைச்சிருக்கிறதும் இதே மாதிரி ஒரு நம்பிக்கையாலதான். கண்ணாடி இல்ல, டிக்கெட் இல்ல, செல்ஃபி பாயின்ட் இல்ல.

டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அக்வேரியம் இப்போ நம்ம வீக்கெண்ட் பிளானில் சேர்ந்தாச்சு. சென்னை ஈசிஆரில் 2019-ல் விஜிபி மரைன் கிங்டம் திறந்த பிறகு, தலைக்கு மேல சுறா நீந்துற கண்ணாடிச் சுரங்க ரீல்ஸ் பார்க்காதவங்க குறைவு. சென்னைக்கு இது புதுசும் இல்ல. அருங்காட்சியகக் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான அக்வேரியம் ஒண்ணு, 1909-லேயே மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அதை மூடிட்டாங்க.

உலகத்துப் பெரிய அக்வேரியங்கள் எல்லாம் சொல்ற வாதம் ஒண்ணுதான். கடலுயிரை நேரில் பார்த்தா பிடிக்கும், பிடிச்சா காப்பாத்துவீங்க. நாமக்கல் மாதிரி கடற்கரையே இல்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கு வேற எப்படிச் சுறாவைக் காட்டுறது என்பதும் நியாயமான கேள்விதான். ஆனா பிடிக்கிறதுக்கும் காப்பாத்துறதுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கு. 2016-ல் வந்த ‘ஃபைண்டிங் டோரி’ படத்தின் நாயகியான நீல டாங் மீனையே எடுத்துக்கோங்க. அதுவரை தொட்டிகளில் இருந்த நீல டாங் எல்லாமே கடலில் பிடிச்சு வந்ததுதான். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மீனை முதல்முறையா வளர்ப்புத் தொட்டியில் பொரிக்க வெச்சதும் அதே 2016-ல்தான். எல்லாருக்கும் பிடிச்ச மீனுக்கே இந்த நிலைமை.

அதனால ஒரு அக்வேரியத்தை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: தொட்டிக்குள்ள எது எங்கிருந்து வருது, தொட்டியிலிருந்து வெளியே எது போகுது?

இந்தக் கேள்வியில் தேறுற அக்வேரியங்கள் இருக்கு. கலிஃபோர்னியாவில் 1984-ல் திறந்த மான்டரே பே அக்வேரியம், தாயை இழந்த கடல் நீர்நாய்க் குட்டிகளை எடுத்து வந்து, அங்கேயே இருக்கிற பெண் நீர்நாய்களை வளர்ப்புத் தாயாக்கி, வளர்ந்ததும் கடலோரக் கழிமுகத்தில் விடுது. எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற அந்தக் கழிமுகத்தில் நீர்நாய் எண்ணிக்கை கூடினதில் பாதிக்கு மேல் இந்தத் திட்டத்தால்தான்னு 2019-ல் வந்த ஆய்வு சொல்லுது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் கடலில் இன்னும் ஒரு படி மேல. அங்கே ஜீப்ரா சுறா கிட்டத்தட்ட காணாமப் போச்சு. வெளிநாட்டு அக்வேரியங்களில் இருக்கிற சுறாக்கள் போட்ட முட்டைகளை விமானத்தில் கொண்டுவந்து பொரிக்க வெச்சு, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டாங்க. கூரியரில் சுறா முட்டை! இதைத்தான் நான் பாதுகாப்புன்னு சொல்வேன்.

தேறாத கணக்கும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா அக்வேரியம் தைவானிலிருந்து திமிங்கிலச் சுறாக்களைக் கொண்டுவந்து காட்டுச்சு. எப்படியும் மீன்பிடி ஒதுக்கீட்டில் கறிக்குப் போயிருக்க வேண்டியவைதானே என்பது அவங்க பதில். 2007-ல் அதில் 2 சுறாக்கள் செத்துப்போச்சு. அதே இனத்துக்கு நம்ம குஜராத்தில் நடந்தது வேற. 2001-ல் திமிங்கிலச் சுறா வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. சட்டம் மட்டும் போதலை. 2004-ல் தொடங்கின பிரசாரத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, இது பிரசவத்துக்குத் தாய்வீடு வர்ற மகள் மாதிரின்னு சொன்னார். எந்த மீனவர் மகளை வெட்டுவார்? வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விட்டுட்டாங்க, அறுந்த வலைக்கு இழப்பீடும் கிடைச்சுது. ஒரு கதை, கூடவே கொஞ்சம் காசு. அறப்பளீஸ்வரர் கோயில் ஃபார்முலா மாதிரியே இல்ல?

இங்கேதான் கொல்லிமலை மறுபடி வருது. இந்த மலையில் ஓடுற ஐயாறு, ஆகாயகங்கையில் அருவியா விழுந்து, புளியஞ்சோலை வழியா சமவெளிக்கு இறங்கி, காவிரிப் படுகையில் சேருது. காவிரி போய்ச் சேர்ற இடம் பூம்புகார் கடல். (சில வருஷம் தண்ணி கடல் வரைக்கும் போறதே சந்தேகம்தான். வெள்ளம் வந்தா, வழியில் தேங்கின குப்பையெல்லாம் மொத்தமா கிளம்பிடும்.) ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குத் திரளுற கூட்டம் வீசுற பாட்டில், கடல் பிரச்சினையின் முதல் பக்கம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை இருக்குங்கிறது உங்களுக்கும் தெரியும், அருவிக்கரைக்கும் தெரியும்.

கடலோரமே இல்லாத சட்டனூகாவில், 1992-ல் திறந்த டென்னசி அக்வேரியம், மலை ஓடையில் தொடங்கி மெக்சிகோ வளைகுடா வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியின் பயணத்தைத்தான் தொட்டி தொட்டியா காட்டுது. அந்த ஆற்றில் அழிஞ்சுபோன ஏரி ஸ்டர்ஜன் மீன்களை வளர்த்து, மறுபடி ஆற்றில் விடுற வேலையிலும் இருக்கு. நமக்கு இன்னொரு சுறா சுரங்கம் வேண்டாம். இந்த மாதிரி ஒரு காவிரி அக்வேரியம் வேணும். முதல் தொட்டியில் கொல்லிமலை ஓடை மீன், கடைசியில் பூம்புகார் கழிமுகம். நடுவில் ஒரு வளர்ப்புக் குளம்: காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, 2018-ல் ‘மிக அபாய நிலை’ன்னு பட்டியலிடப்பட்ட கூன்முதுகு மஷீருக்காக. கோமாளி மீனையே தொட்டியில் இனப்பெருக்கம் செய்யக் கத்துக்கிட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நம்மகிட்ட இருக்கும்போது, அறிவியல் இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது.

அது வர்ற வரைக்கும், அடுத்த தடவை எந்த அக்வேரியம் போனாலும் கவுண்டரில் ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த மீன் கடலில் பிடிச்சதா, தொட்டியில் பொரிச்சதா? போன வருஷம் இங்கேயிருந்து ஏதாவது உயிர் கடலுக்குத் திரும்பிச்சா? பதில் சொல்ற ஊழியர் இருந்தா டிக்கெட் காசு போனாலும் எனக்கு வருத்தமில்லை.