ஒரே கட்டளையில் ஒரு கிளவுட்: சாவியை யாரிடம் கொடுக்கிறோம்?

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. கேட்டதும் கோயில் மேல் ஏறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்றால் என்ன என்று சிவகங்கைச் சீமையில் விளக்க இந்தக் கதையே போதும். ஆனால் அந்த 18 நடையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஓப்பன்ஸ்டாக் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய இந்த மென்பொருள், சாதாரண சர்வர்களை ஒரு கிளவுடாக மாற்றித் தருகிறது. அமேசான் போன்ற நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் வசதியைச் சொந்த இயந்திரத்திலேயே அமைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் இதைப் பயன்படுத்துகிறது. நம்மூரில், சென்னை சி-டாக் உருவாக்கிய மேக்தூத் கிளவுட் தொகுப்பும் ஓப்பன் சோர்ஸ் வழியில் வந்ததே.

சிக்கல், நிறுவுவதில். இது ஒரே மென்பொருள் இல்லை, பெரிய கூட்டுக் குடும்பம். உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்க கீஸ்டோன், மெய்நிகர் கணினிகளை உருவாக்க நோவா, இயங்குதள இமேஜ்களை வைத்திருக்க கிளான்ஸ், நெட்வொர்க்குக்கு நியூட்ரான், டிஸ்க்குக்கு சிண்டர். பின்னால் ஒரு டேட்டாபேஸ் வேறு. எல்லாவற்றையும் கையால் நிறுவி ஒன்றோடொன்று பேசவைக்க நாள்கணக்கில் ஆகும். ஒரு பாஸ்வேர்ட் தப்பானாலும் போச்சு.

இதற்கென வந்ததுதான் டெவ்ஸ்டாக் ஸ்கிரிப்ட். தனியாக ஒரு பயனர் கணக்கு, ‘லோக்கல்.கான்ஃப்’ கோப்பில் நாலு பாஸ்வேர்ட், பிறகு ‘ஸ்டாக்.எஸ்ஹெச்’ என்ற ஒரே கட்டளை. 15 முதல் 30 நிமிடம் ஆகும் என்கிறது கையேடு. கிராமத்தில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓட்டினால், டீ குடிச்சு, சாப்பாடும் முடிச்சுட்டு வரலாம்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்காத சூடோ அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும். அதாவது, வீட்டுச் சாவியையே கொடுத்தாச்சு. அது பேக்கேஜ்களை ஏற்றுகிறது, நெட்வொர்க் அமைப்பைக்கூட மாற்றுகிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் குடும்ப போட்டோவும் இருக்கும் ஒரே லேப்டாப்பில் இதை ஓட்டுவது விபரீதம். இதற்கென ஒதுக்கிய சர்வரிலோ மெய்நிகர் கணினியிலோ மட்டும் ஓட்டுங்கள் என்று கையேடே எச்சரிக்கிறது. டெவ்ஸ்டாக் கற்கவும் சோதிக்கவும்தான். தினசரி நம்பியிருக்கும் கிளவுடுக்கு கொல்லா-ஆன்சிபிள் போன்ற வேறு கருவிகள் உண்டு.

காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கு இது வேலை சம்பந்தப்பட்ட சங்கதி. ‘ஓப்பன்ஸ்டாக் நிறுவத் தெரியும்’ என்று ரெஸ்யூமில் போட ஒரு கட்டளை போதும். ‘நோவா ஏன் கீஸ்டோனைக் கேட்கிறது?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் ஸ்கிரிப்ட் வந்து பதில் சொல்லாது. கல்லூரி ஆய்வகங்கள் இதற்கென ஒரு பழைய சர்வரை ஒதுக்கித் தருவது பெரிய செலவல்ல. அதைக்கூடச் செய்யாமல் மாணவரின் சொந்த லேப்டாப்பில் பழகச் சொல்வது சரியில்லை.

‘ஸ்டாக்.எஸ்ஹெச்’ சாதாரண பாஷ் மொழியில் எழுதப்பட்ட கோப்பு. யாரும் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். முதலில் படித்து, ஓடும்போது லாகைக் கவனித்து, அடுத்த வாரம் கீஸ்டோனை மட்டும் கையால் நிறுவிப் பார்ப்பது நல்ல வழி. இடையில் கெட்டுப்போனால்? ‘அன்ஸ்டாக்.எஸ்ஹெச்’ சேவைகளை நிறுத்தும், ‘கிளீன்.எஸ்ஹெச்’ முடிந்தவரை மிச்சத்தைத் துடைக்கும். அதுவும் சரிவராவிட்டால் அந்த மெய்நிகர் கணினியை அழித்துவிட்டு, புதுசா ஒன்றைத் திறந்து, மறுபடியும் முதலிலிருந்து.