உடைந்த தாடையும் உலோகத் தகடும்

தாம்பரத்திலிருந்து பொத்தேரி வழியாகச் செங்கல்பட்டு செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வாகனத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்கள் அநேகர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

விழுந்தவருக்கு மோவாயில் தையல் போட்டதும் ஆபத்து நீங்கியதாக எண்ணிவிடுகிறோம். அது போதாது. அவரை மெதுவாக வாயை மூடச் சொல்லுங்கள். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் முன்போல் பொருந்துகின்றனவா? கீழுதடு மரத்திருக்கிறதா? பற்கள் பொருந்தாவிடில் தாடை முறிந்திருக்கக்கூடும். மோவாயில் பட்ட அடி, காதருகேயுள்ள தாடை மூட்டை முறிப்பதும் உண்டு. சிறு பிள்ளைகளிடம் இதைக் கவனியாது விட்டால், மூட்டு இறுகி வாய் திறக்க இயலாமற்போகலாம். முக வளர்ச்சியும் குன்றலாம்.

முன்பெல்லாம் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்து, வாரக்கணக்கில் வாயைத் திறக்கவிடாமல் வைப்பார்கள். 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகர மருத்துவர் மாக்ஸிம் ஷாம்பி, மெல்லும்போது தாடையெலும்பில் இழுவிசை விழும் கோடுகளை ஆராய்ந்தார். அக்கோடுகளின்மீது சிறு தகட்டைத் திருகாணிகளால் பொருத்தும் முறை நிலைபெற்றது. இன்று டைட்டானியத் தகடுகளே பெரிதும் பயன்படுகின்றன. மயக்க மருந்து தந்து, முதலில் பற்களைப் பொருத்தமாகச் சேர்த்துக்கொண்டு, அதன்பின் எலும்பைத் தகட்டால் பிணைப்பார்கள். பெரும்பாலும் வாயின் உட்புறமே கீறுவதால் முகத்தில் தழும்பு விழுவதில்லை. தொல்லை தராதவரை தகட்டை அகற்றவும் வேண்டியதில்லை.

ஆயினும் தகடு எலும்பைப் பிடித்து நிறுத்துமே அன்றி ஒட்டவைக்காது. ஒட்டும் வேலையை உடலே செய்யவேண்டும். அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களாகும். வலி குறைந்ததென்று இறைச்சியைக் கடித்தால் தகடு தளரலாம். நோன்புக் கஞ்சியைப் போன்ற குழைந்த உணவே அந்நாட்களில் ஏற்றது. வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும், புகையை அறவே விலக்குவதும் அவசியம்.

பொத்தேரியிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலும், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் முகத்தாடை அறுவைப் பிரிவுகள் உள்ளன. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில் தெற்கேயுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது.

வருமுன் காக்கவும் வழியுண்டு. பாதித் தலைக்கவசம் மண்டையைக் காக்கலாம்; தாடையைக் காக்காது. பிள்ளைக்கு வாங்கும்போது மோவாயையும் மூடும் முழுக்கவசமாகப் பார்த்து வாங்குங்கள்.