மோதிரமும் மூலதனமும்

நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் பதித்தல் தொன்மரபெனப் பலர் நம்புகின்றனர். அது வணிகர் வளர்த்த வழக்கமேயாகும். 1870களில் தென்னாபிரிக்கச் சுரங்கங்கள் வைரத்தைப் பெருமளவில் வெளிக்கொணர்ந்தன. அருமை குன்றின் விலையும் குன்றுமென அஞ்சிய முதலாளிகள் 1888இல் டி பியர்ஸ் நிறுவனத்தின்கீழ் ஒன்றிணைந்தனர். கற்களை அளந்தே சந்தைக்கு விட்டனர். 1938இல் அந்நிறுவனம் அமெரிக்க விளம்பர நிறுவனமொன்றை நாடியது. வைரம் அழியாததென முழங்கும் சுலோகத்தை 1947இல் அந்த விளம்பர நிறுவனத்தின் எழுத்தாளர் பிரான்சிஸ் கெரெட்டி எழுதினார். வைரமும் எரியுமென்பதை 1772இலேயே லவோசியர் பரிசோதனையாற் காட்டியிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1980களில் இரு மாதச் சம்பளத்தையே மோதிரத்தின் தகுந்த விலையென விளம்பரங்கள் விதித்தன. இவ்வாறு உழைப்பவனின் இரு மாத வியர்வை அன்பின் அளவுகோலாயிற்று. மோதிரம் தெரிவுசெய்யும் இளைஞர் முதலில் வினவவேண்டியது கல்லின் எடையையன்று. இவ்வளவுகோலை வகுத்தவர் யார் என்பதையே.