காவல் நாயின் குரலை அறுக்கலாமா?

ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயிகளின் ஆட்டுப்பட்டிக்கு நாயே காவல். அது இராமுழுதும் ஓயாது குரைக்குமாயின் அண்டைத் தோட்டத்தாருக்கு உறக்கமில்லை. பிராது கிராம அதிகாரியிடம் வந்து சேருகிறது. குரல் நாண்களைச் சத்திர சிகிச்சையால் அறுத்துவிடலாமென்று சிலர் கூறுவதுண்டு. அது தகாத யோசனை.

அறுத்த பின்னும் நாய் குரைப்பதை விடுவதில்லை. கரகரத்த ஒலியே எழும். சில நாய்களுக்குப் பழைய குரல் ஓரளவு திரும்புவதுமுண்டு. வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்தால் மூச்சுவழி குறுகி, கோடை வெயிலில் நாய் திணறும். வெறிநோய் கண்ட நாயின் குரல் மாறுவது முக்கியமான அறிகுறியாகும். குரல் அறுத்த நாயிடம் அந்த எச்சரிக்கையும் மறைந்துபோம். தவிர, திருடனைக் கண்டு குரைக்கவியலாத நாய்க்குக் கூழ் ஊற்றுவானேன்?

ஓயாக் குரைப்புக்குப் பெரும்பாலும் காரணம் சங்கிலியே. பாதையோரத்து முளையில் பகலெல்லாம் கட்டுண்ட நாய், போவோர் வருவோரையெல்லாம் பகைவராகவே காண்கிறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியிருக்கும் நாயை உலாவ விடாதிருப்பதையும் குற்றமாக்கியுள்ளது. இது பலர் அறியாத விஷயம். பிராது வந்தால் அதிகாரிகள் முதலில் சங்கிலியின் நீளத்தைப் பார்ப்பது உசிதம்.

காலையிலும் மாலையிலும் நாயை நடத்திச் செல்ல வேண்டும். கட்டுமிடத்தைப் பாதையினின்று விலக்கி, பட்டியருகே தட்டி மறைவில் அமைக்கலாம். குரைக்கும்பொழுது சோறிட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அடங்கிய பிறகே இடுக. திடீரென்று குரைப்பு மிகுந்தால் காதுப்புண் முதலிய நோய் இருக்கக்கூடும். கால்நடை மருந்தகத்தில் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்பொழுதே போட்டுக்கொள்ளலாம்.