நன்றிக்கு ஒரே நாள்

பலி என்றாலே அது கடவுளுக்குக் கொடுக்கும் லஞ்சந்தான் என்று படித்தவர்கள் பலர் சொல்லுகிறார்கள். பழைய இஸ்ரவேலரின் வழிபாட்டைப் பற்றியும் இதே தீர்ப்புத்தான். எனக்கு இது சம்மதமில்லை. லேவியராகமத்தின் 7-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

லஞ்சம் என்பது காரியம் ஆவதற்காகக் கொடுப்பது. ஸ்தோத்திர பலியோ காரியம் ஆனபின் வருவது. நன்றி செலுத்தவேண்டியவர்கள் யார் யார் என்பதற்கு, 107-ஆம் சங்கீதத்தை வைத்துக்கொண்டு யூத அறிஞர்கள் நான்கு பேரைச் சொன்னார்கள்: கடல் கடந்து கரை சேர்ந்தவன், பாலைவனத்தைத் தாண்டியவன், நோயிலிருந்து எழுந்தவன், சிறையிலிருந்து விடுபட்டவன். கேட்டது கிடைத்துவிட்டபின் இவர்கள் எதற்காக லஞ்சம் கொடுக்கவேண்டும்?

"அப்படியானால் அது கூலி" என்பீர்கள். கூலியை வாங்கினவன் எடுத்துக்கொண்டு போகவேண்டாமா? இங்கே இரத்தமும் கொழுப்பும் பலிபீடத்துக்கு. மார்க்கண்டமும் வலது தொடையும் ஆசாரியனுக்கு. மீதி இறைச்சி கொடுத்தவனுக்கே திரும்பி வருகிறது. கூடவே அப்பங்கள். மிஷ்னாவின் கணக்குப்படி அவை 40. ஆசாரியனுக்கு 4 போக, 36 அவனுக்கே.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பொருத்தனைப் பலியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியிலோ விடியும்வரை ஒரு துண்டு மிஞ்சக்கூடாது. ஓர் ஆட்டையும் 36 அப்பங்களையும் ஒரே நாளில் எந்தக் குடும்பம் தின்று தீர்க்கும்? நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். வந்தவர்கள் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள், அவனும் பிழைத்துவந்த கதையைச் சொல்லுவான். சட்டத்தின் நோக்கமே இதுதான் என்று யூத உரைகாரர்களிலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பக்கந்தான் நானும்.

இதிலும் போலிகள் இருந்தார்கள். ஏழைகளை நசுக்கிவிட்டு, ஸ்தோத்திர பலியிட்டு, காணிக்கைகளை ஊரறியப் பறைசாற்றியவர்களைக் கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலேயே ஆமோஸ் தீர்க்கதரிசி பரிகசித்தார். போலிகள் இருந்ததனால் ஏற்பாடே போலி என்று ஆகிவிடாது.

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். அங்கே பலியும் நின்றது. ஆடு வெட்டுவதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. "நன்றி மனசில் இருந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு பதில்: போதாது. உங்கள் மனசில் இருக்கும் நன்றியினால் அடுத்த வீட்டுக்காரனுடைய பசி தீராது.