மறதியுற்றோரின் சம்மதம்: முதியோர் இல்லங்களில் ஆராய்ச்சியும் அதன் மேற்பார்வையும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கிகளும் நிறைந்த ஆராய்ச்சிச் சாலையே நம் மனக்கண் முன் தோன்றுகின்றது. ஆனால், முதுமையைப் பற்றிய ஆராய்ச்சி அத்தகைய சாலைகளுக்குள் மட்டும் நடைபெறுவதன்று. முதியோர் இல்லத்தின் தாழ்வாரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் அருகே, கையில் படிவத்துடன் களப்பணியாளர் ஒருவர் வந்து நிற்கும்பொழுதே அது தொடங்கிவிடுகின்றது. ஆகவே, அவ்வாராய்ச்சி நெறி தவறாமல் நடக்கின்றதா என்று பார்க்கும் கண்ணும் அத்தாழ்வாரம் வரை வந்தாக வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய், வயது முதிர்ந்தோர் அனைவர்க்கும் வரும் சாதாரண மறதியன்று. நினைவு, மொழி, இடம் காலம் பற்றிய உணர்வு, நன்மை தீமைகளைத் தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியவற்றை அது படிப்படியாக அழித்துவிடுகின்றது. நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் மக்கள், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகின்றது. இத்துணைப் பெரிய துன்பத்தைப் பற்றி ஆராய்ச்சி தேவையில்லை என்று எவரும் சொல்லார்.

இத்துறையில் பெங்களூர் நகரம் முன்னணியில் நிற்கின்றது. 1974-இல் உருப்பெற்ற நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் இங்குதான் உள்ளது. இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் இயங்கும் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் 45 வயது கடந்தோரை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகின்றது. இவை பெருமைக்குரிய முயற்சிகளே. எனினும், ஆராய்ச்சி பெருகப் பெருக, அதற்கு உட்படும் முதியவரின் உரிமையைக் காக்கும் பொறுப்பும் பெருகுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு சொல் செய்த தீங்கு

மனிதரிடத்து நடத்தும் எந்த ஆராய்ச்சிக்கும் அவரது சம்மதம் இன்றியமையாதது என்பதை 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறிகளும், 1964-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பிரகடனமும் உலகுக்கு உணர்த்தின. ஆனால், சம்மதம் என்பது வெறும் கையொப்பமன்று. பொருள் விளங்கி அளிக்கப்படுவதே சம்மதம்.

1963-இல் அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த யூதர் நீடித்த நோய் மருத்துவமனையில், முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்த 22 பேருக்கு உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் தோலின் கீழ்ச் செலுத்தப்பட்டன. உடலின் எதிர்ப்புத் திறனை அறியும் சோதனை என்று மட்டுமே அவர்களுக்குக் கூறப்பட்டது. புற்றுநோய் என்னும் சொல் மறைக்கப்பட்டது. இதனை வெளிக்கொணர்ந்தவர் யார்? அச்செயலைச் செய்யுமாறு பணிக்கப்பட்டு, செய்ய மாட்டோம் என்று மறுத்த மூன்று இளம் மருத்துவர்களின் மனச்சான்றே அது வெளிப்பட வழிகோலியது. ஊசியைக் கையில் எடுக்குமாறு சொல்லப்பட்டவர்களே முதலில் விழித்துக்கொண்டனர் என்பதைக் களப்பணியாளர்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

அங்கே சொல் மறைக்கப்பட்டது. நம்மிடையே, மறைக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமலே சொல் மயக்கம் தருவதுண்டு. இதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு, பெங்களூரில் முதியோர் இல்லங்களில் வாழும் தமிழர்களுக்கான ஒரு சம்மதப் படிவம் என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. ‘இப்பரிசோதனையில் பங்குபெற மனமாரச் சம்மதிக்கின்றேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அகராதிப்படி அதில் குற்றமில்லை. பின்னர், அப்படிவம் வாசித்துக் காட்டப்படுமிடத்தில் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். “ரத்தந்தானே எடுக்கணும்? எடுத்துக்குங்க தம்பி. சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றார்.

உண்மையில் அந்த ஆராய்ச்சியில் இரத்தம் எடுப்பதே இல்லை. நினைவாற்றலைப் பற்றிய கேள்விகள் மட்டுமே உண்டு. ‘பரிசோதனை’ என்னும் சொல் நோயை அறிய வைத்தியர் செய்வதையும் குறிக்கின்றது. புதியதொன்றை அறிய விஞ்ஞானி செய்வதையும் குறிக்கின்றது. முதியவர் தமக்குப் பழகிய பொருளை எடுத்துக்கொண்டார். தமக்கு வைத்தியம் பார்க்கின்றார்கள் என்று நம்பி அவர் இட்ட கையொப்பத்தை, ஆராய்ச்சிக்கு அளித்த சம்மதம் என்று எவ்வாறு கொள்வது? பிழை என்னுடையதே. அதன்பின் அவ்வாக்கியத்தை நீக்கி, “இது உங்கள் நோய்க்கான வைத்தியம் அன்று. இனி வருபவர்களுக்குப் பயன்படும் என்று சில செய்திகளைக் கேட்டு அறிகின்றோம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் உங்கள் சாப்பாடோ மருந்தோ கவனிப்போ குறையாது” என்று எழுதினேன். நடை அழகு குறைந்தது. ஆனால் பொருள் சென்று சேர்ந்தது.

மொழியைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழ்ந்து முதிர்ந்தவர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என மூன்று நான்கு மொழிகளைப் பேசிப் பழகியவர்கள். நோய் முற்றும்பொழுது, பிற்காலத்தில் கற்ற மொழி நழுவித் தாய்மொழியே தங்குவது பலரிடம் காணப்படுகின்றது. ஆகையால், இல்லத்தின் பதிவேட்டில் ‘கன்னடம் தெரியும்’ என்று எழுதியிருப்பதைக் கொண்டு திருப்தியடையாமல், அம்மூதாட்டி தம் தாயுடன் எம்மொழியில் பேசினார் என்று கேட்டறிந்து, அம்மொழியிலேயே விளக்குதல் வேண்டும்.

எவர் கையொப்பமிடுவது?

பொருள் விளங்கும் ஆற்றலே அழிந்துவிட்டவரிடம் என் செய்வது? அவர்களை ஆராய்ச்சியிலிருந்து அறவே விலக்கிவிட்டால், அவர்களது நோயைப் பற்றிய அறிவு என்றும் வளராது. அதுவும் ஓர் அநீதியே. மாறாக, அருகில் இருப்பவர் எவரேனும் கையொப்பமிட்டால் போதும் என்று விடுவதோ அதனினும் பெரிய அநீதி.

இவ்விரண்டிற்கும் நடுவே நம் நாட்டுச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவையும் தீர்மானிக்கும் ஆற்றலையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளையும் தன் வரம்பிற்குள் கொள்கின்றது. அதன் 99-ஆம் பிரிவின்படி, மனத்தின்மீதோ உடலின்மீதோ இரசாயனம், மருந்து முதலியவற்றைக் கொண்டோ தலையிட்டுச் செய்யும் ஆராய்ச்சிக்கு, சம்மதம் அளிக்க இயலாத ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெறுதல் வேண்டும். சம்மதம் அளிக்கக்கூடியவர்களைக் கொண்டு அந்த ஆராய்ச்சியைச் செய்ய இயலாது என்பதும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றுள்ளது என்பதும், ஆராய்ச்சியாளரின் சொந்த நலன் குறுக்கிடவில்லை என்பதும் ஆணையத்துக்குத் திருப்தி அளித்தால்தான், நோயாளியின் பிரதிநிதி சம்மதம் அளிக்கலாம்.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. பிரதிநிதி என ஒருவரை நோயாளி முன்பே குறிப்பிடாதபோது, உறவினரும், அவரும் இல்லையேல் பராமரிப்பாளரும் அவ்விடத்துக்கு வருகின்றனர். ஊதியம் பெற்றுப் பராமரிப்பவரும் இச்சொல்லுள் அடங்குவார். உறவினர் கைவிட்ட முதியவருக்கு, இல்லத்தின் ஊழியரே பிரதிநிதியாகிவிடக்கூடும். ஆராய்ச்சியால் இல்லத்துக்கு நன்கொடையோ நற்பெயரோ கிடைக்குமாயின், அந்த ஊழியர் தம் நிர்வாகியின் விருப்பத்தை மீறி ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? இல்லத்தின் நிர்வாகி வாயிற்கதவைத் திறந்துவிட அதிகாரம் உடையவர். முதியவரின் சம்மதத்தைத் தர அதிகாரம் உடையவர் அல்லர். உற்றார் இல்லாதவர் பொருட்டு, இல்லத்தோடு தொடர்பில்லாத ஒருவரையே பிரதிநிதியாகப் பெறுதல் வேண்டும் என்பது என் துணிபு.

மறுப்பின் மொழி

மேற்கூறிய சட்டப்பிரிவில் ஒரு சிறு நிபந்தனை உண்டு. சம்மதம் அளிக்க இயலாதவர், பங்குபெறுவதை எதிர்க்காதிருந்தால் மட்டுமே இவ்வழி திறக்கும். இதுவே அப்பிரிவின் உயிர்நாடி எனலாம். பேச்சிழந்த முதியவர் எவ்வாறு எதிர்ப்பார்? முகத்தைத் திருப்பிக்கொள்வார், கையை உதறுவார், நாற்காலியை விட்டு எழ முயல்வார், புடவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொள்வார். மகன் கையொப்பமிட்டிருந்தாலும், ஆணையம் அனுமதித்திருந்தாலும், அந்நேரத்தில் அம்முகத்திருப்பம் ஒரு முழுமையான ‘வேண்டாம்’ ஆகும். அதனைப் படிக்கத் தெரிந்தவர் களப்பணியாளர் ஒருவரே.

இந்நோயாளருட் பலர்க்குக் காலையில் தெளிவும், மாலை சாயும் நேரத்தில் கலக்கமும் மிகுவதுண்டு. ஆகவே, தெளிவுள்ள நேரத்தில் சென்று விளக்குவதும், ஒருமுறை பெற்ற சம்மதத்தையே எக்காலத்துக்கும் உரியதாகக் கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் கேட்பதும் கடமையாகும். நல்ல நினைவோடு இருக்கும்பொழுது ஆராய்ச்சியில் சேர்ந்து, ஆண்டுகள் கழித்து நினைவிழப்பவரைப் பற்றியும் இவ்வாறே சிந்தித்தல் வேண்டும். பின்னாளில் தமக்காக எவர் பேச வேண்டும் என்பதைச் சேரும் நாளிலேயே அவரைக் கேட்டுப் பதிந்துகொள்வது எளிது. பிறகு அது கூடாத காரியம்.

மேற்பார்வை எங்கே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நெறிமுறைக் குழுவில் ஏழு பேருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்களுட் பாதிப்பேரேனும் நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். மருத்துவத் துறை சாராத பொதுமக்கள் பிரதிநிதியும் இடம்பெற வேண்டும். ஆராய்ச்சி தொடங்கிய பின்னும் அதனைக் கவனித்து வரவும், நேரில் சென்று பார்க்கவும் குழுவுக்கு வழியுண்டு. ஆனால், நகரத்து அறையில் அமர்ந்து காகிதங்களை மட்டும் படிக்கும் குழுவின் கண்ணுக்கு, ‘பரிசோதனை’ என்ற சொல்லைக் கேட்டுக் கையை நீட்டிய பெரியவர் தென்படமாட்டார்.

எனவே மூன்று செயல்கள் வேண்டற்பாலன. முதலாவதாக, சம்மதப் படிவத்தை அச்சிடுமுன், இல்லத்தில் வாழும் இரண்டு மூன்று முதியவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைத் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். இரண்டாவதாக, களப்பணியாளரின் குறிப்பேட்டில் மறுப்புக்கென ஒரு பத்தி ஒதுக்கி, அதனைக் குழு தவறாமல் பார்வையிடுதல் வேண்டும். ஒருவரும் ஒருமுறையும் மறுக்காத குறிப்பேட்டைக் கண்டால் குழு மகிழ்ச்சியடையாமல் ஐயுறுதல் நலம். மூன்றாவதாக, குழு உறுப்பினர் ஒருவரேனும் முன்னறிவிப்பின்றி இல்லத்துக்குச் சென்று வருதல் வேண்டும்.

இவற்றால் ஆராய்ச்சி தாமதப்படும் என்பர் சிலர். சிறிது தாமதம் உண்டாகலாம். ஆனால், நம்பிக்கை கெட்ட பின் ஓர் இல்லத்தின் கதவு மீண்டும் திறக்க ஆகும் காலம் அதனினும் நீண்டது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பொதுமக்கள் பிரதிநிதியாகக் குழுவில் அமரும் தகுதி அவர்களுக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது. மாணவர்க்கு விளங்குமாறு சொல்லிப் பழகிய அவர்களைவிட, ஒரு வாக்கியம் விளங்குமா விளங்காதா என்று கண்டறிய வல்லார் யாவர்? மேலும், தொண்டு என்ற பெயரில் மாணவர்களை இல்லங்களுக்கு அழைத்துச் சென்று, கேள்விகள் கேட்டும் புகைப்படம் எடுத்தும் வருவது பள்ளி கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அங்கும் முதியவரின் சம்மதத்தைக் கேட்கும் பழக்கத்தை ஆசிரியர் கற்பிப்பாராயின், நாளைய ஆராய்ச்சியாளர்க்கு அதுவே முதற்பாடமாகும்.

தம் பெயரையே மறந்துவிட்ட ஒருவர், தாம் எதற்குச் சம்மதித்தோம் என்பதை நினைவில் வைத்திருக்க மாட்டார். அவர் மறந்ததை நாம் நினைவிற்கொள்ளுதலே மேற்பார்வையின் பொருள்.